நாற்பத்தொன்றாவது பெட்டி

“ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டது மோட்டார்.

“இருக்கேனுங்க, சொல்லுங்க” என்றான் கிருபாசங்கர். சொல்லி முடித்த பிறகுதான், மறுமுனையில் இருப்பது ஆனைமலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மோட்டார் ரூமில் தொங்கும் தகரப் பெட்டி என்பது அவனுக்கு உறைத்தது. அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் அவனையே பார்த்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

“ஒண்ணு அமுக்குனா ஓடுமுங்க, ரெண்டு அமுக்குனா நின்னுக்குமுங்க. சும்மா விசாரிக்கக் கூப்பிட்டிருந்தா மூணு அமுக்குங்க” என்றது பெட்டி. வயதான ஒரு பெண்ணின் குரல். அவசரமே இல்லாத குரல்.

கிருபாசங்கர் மூன்றை அமுக்கினான்.

“கரண்டு ரெண்டு பேஸ்தான் வருதுங்க. இப்பப் போட்டா காயில் போயிருமுங்க. பேசாம ஒரு டீயக் குடிச்சுப்போட்டு அப்பறமாக் கூப்பிடுங்க. வெச்சரட்டுங்களா?”

கட்டானது.

“மேடம், காந்திபுரம் டவுன் பஸ்ல பதினோரு வருசம் கண்டக்டரா இருந்திருக்கேன். ஒரு ஆளுகூட என்கிட்ட இத்தனை மரியாதையாப் பேசினதில்லீங்க” என்றான் கிருபாசங்கர்.

ரூத் பிரகாசம் சிரிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது. இருபத்திரண்டு வருடம் ஒரு வங்கியில் காசோலைகளின் கையெழுத்தைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி, காந்திபுரத்தில் ஒரு பை கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவர். கிருபாசங்கர் அவருடைய டிரைவர், உதவியாளர், ஓயாத வாய்.

“சிரிக்கற விசயமில்லீங்க. என்ற வயிறு எரியுது” என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த திருமூர்த்தி.

அவர் கணபதியில் இருக்கும் ‘நீரோசை கண்ட்ரோல்ஸ்’ கம்பெனியின் முதலாளி. அங்கே தயாராவது மொபைல் ஸ்டார்ட்டர். விவசாயி தோட்டத்துக்கு நடக்க வேண்டியதில்லை. எங்கே இருந்தாலும் பெட்டிக்கு போன் போட்டு மோட்டாரை ஓட்டலாம், நிறுத்தலாம். ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சி வரை நாலாயிரம் பெட்டிகள். அதில் நாற்பத்தொன்று, கடந்த இரண்டு மாதத்தில், கம்பெனி கொடுத்த குரலை விட்டுவிட்டு இந்தக் குரலில் பேச ஆரம்பித்திருந்தன.

“பொட்டிக்குள்ள புதுசா எதை ஏத்தோணும்னாலும் கம்பெனியோட டிஜிட்டல் கையெழுத்து வேணுமுங்க. இல்லீன்னா பொட்டி உள்ளயே விடாது. அந்தக் கையெழுத்துப் போடற சாவி இந்த பீரோவுல இருக்குது. பாஸ்வேர்டு தெரிஞ்சது ரெண்டே பேரு. ஒண்ணு நானு. நான் போடலை” என்ற திருமூர்த்தி, முகவாயால் அறையின் மூலையைக் காட்டினார்.

மூலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான் சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஜெஃபின். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்.

“நானும் போடலை சார்” என்றான். இதை அவன் நூறு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும். குரல் தேய்ந்து போயிருந்தது.

மேசை மேல் டைப் செய்த புகார் ஒன்று கிடந்தது. “சாயங்காலம் அஞ்சு மணிக்கு சைபர் கிரைம்ல குடுக்கறனுங்க. அதுக்குள்ள நீங்க ஆதாரம் எடுத்துக் குடுக்கோணும். அதுக்குத்தான் வரச் சொன்னேன்.”

“மேடம், நாளைக்குப் பூசைல எனக்கு மூணாவது கல்யாண ஓலை வாசிக்கறாங்க” என்றான் ஜெஃபின். “இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருக்கறவங்க சொல்லுங்கன்னு ஃபாதர் கேப்பாரு. டீனாவோட அப்பா ரிட்டயர்டு ஏட்டு. என் மேல புகார்னு காதுல விழுந்தா அவரே எந்திரிச்சு நின்னுருவாரு.”

“பொண்ணோட அப்பாவே எந்திரிச்சா ஒரு வசதி தம்பி. வேற யாரும் சிரமப்பட வேண்டியதில்லை” என்றான் கிருபாசங்கர். ரூத் திரும்பிப் பார்த்ததும் கைப்பேசியைத் துடைக்க ஆரம்பித்தான்.

“அந்தக் கையெழுத்தைக் காட்டுங்க” என்றார் ரூத்.

திருமூர்த்தி கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார். நாற்பத்தொரு வரிகள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு பச்சை டிக். ‘கையெழுத்து: சரி.’

“இது டிக்குங்க. நான் கேட்டது கையெழுத்தை.”

“அது பொட்டிக்குள்ள இருக்குமுங்க. அதையெல்லாம் ஆரு எடுத்துப் பாக்கறாங்க? டிக் வந்தாப் போதாதுங்களா?”

“இருபத்திரண்டு வருசம் டிக் போட்டவ நானுங்க. மத்தியானம் பசி நேரத்துல எத்தனை வேகமா டிக் விழும்னு எனக்குத் தெரியும்.”

அப்போது மேசை மேலிருந்த போன் அடித்தது. திருமூர்த்தி எடுத்தார். கோட்டூரிலிருந்து ஒரு விவசாயி. அவர் பேசியது அறை முழுக்கக் கேட்டது.

“ஏனுங்க, பக்கத்துத் தோட்டத்துப் பொட்டி ஊட்டுல ஒரு ஆள் பேசற மாதிரிப் பேசுது. நம்மளுது தாலுகா ஆபீஸாட்டப் பேசுது. ரெண்டுக்கும் ஒரே வெலைதானுங்களே? எனக்கும் அந்தம்மாவையே போட்டுக் குடுங்க.”

திருமூர்த்தி போனை வைத்தார். “பாத்தீங்களா, இதோட பதினெட்டாவது புகார்.”

“பதினெட்டுல ஒருத்தராவது பழைய குரலைத் திருப்பிக் கேட்டாங்களா?”

திருமூர்த்தி யோசித்தார். யோசிப்பதற்குத் தேவையான நேரத்தைவிட அதிகமாகவே யோசித்தார்.

“சரி விடுங்க. இந்த லிஸ்ட் எந்த வரிசைல இருக்குது?”

“பேர் வரிசைங்க. அப்துல் கையூம்னு ஆரம்பிக்குது.”

“தேதி வரிசைல போடுங்க.”

ஜெஃபின் எழுந்து வந்து ஒரு தட்டுத் தட்டினான். வரிகள் இடம் மாறின. முதலில் மாறிய பெட்டி ‘சுப்பாத்தாள், ஆனைமலை’. ஒரு வாரம் கழித்து அதே ஊரில் இரண்டு. அப்புறம் தினமும் ஒன்று, இரண்டு. எல்லாம் சுற்றுவட்டாரத் தோட்டங்கள். நடுநடுவே ஒரு நாள் காலி.

“காலியா இருக்கறதெல்லாம் ஞாயித்துக்கிழமைங்க மேடம். லீவு எடுத்துட்டுத் திருடற ஆளு” என்றான் கிருபாசங்கர்.

“சாவியைத் திருடினவன் இங்கிருந்தே நாலாயிரம் பெட்டியையும் ஒரே தட்டுல மாத்தியிருப்பான். இது யாரோ வண்டில தோட்டம் தோட்டமாப் போய்க் கையால செஞ்ச வேலை. அந்த நாள்லயெல்லாம் ஜெஃபின் எங்கே இருந்தாரு?”

“இங்கதானுங்க. ஆள் வெச்சுச் செஞ்சிருப்பான்” என்றார் திருமூர்த்தி விடாமல்.

“அப்ப அந்த ஆளைப் போய்ப் பார்ப்போம். முதல் பெட்டில இருந்து ஆரம்பிக்கலாம். ஜெஃபினும் வரட்டும். பெட்டியைத் திறக்க எனக்குத் தெரியாது.”

“நானும் என்ற வண்டில ஆனைமலைக்குத்தான் வாரேன். மாசாணியம்மன் கோயில்ல மொளகா அரைக்கறதா வேண்டிக்கிட்டிருக்கேன். இதுக்குக் காரணமானவன் எவனோ, அவன் கண்ணு எரியோணும்” என்று எழுந்தார் திருமூர்த்தி.

ரூத்தின் கார் கிணத்துக்கடவைத் தாண்டியது. பின்சீட்டில் ஜெஃபின் மடிக்கணினிப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“கதவுல சைல்டு லாக் போட்டிருக்கேன் தம்பி. உன்னைச் சந்தேகப்பட்டு இல்லை. பழக்கம். டிக்கெட் வாங்காம இறங்கறவங்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்” என்றான் கிருபாசங்கர்.

“ஜெஃபின், எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. பெட்டி கையெழுத்தை எப்படிச் சரிபார்க்குது?” என்று கேட்டார் ரூத்.

“கையெழுத்துன்னா ரெண்டு பெரிய நம்பர் மேடம். சாவி வெச்சிருக்கறவங்களால மட்டும்தான் அந்த ரெண்டு நம்பரைக் கண்டுபிடிக்க முடியும். பெட்டி அதை வெச்சு ஒரு கணக்குப் போடும். இந்தப் பக்கம் ஒரு விடை வரும், அந்தப் பக்கம் ஒரு விடை வரும். ரெண்டும் ஒண்ணா இருந்தா சரின்னு உள்ளே விடும்.”

“அந்தக் கணக்கை நீங்களே எழுதினீங்களா?”

“யாரும் சொந்தமா எழுத மாட்டாங்க மேடம். தப்பு வந்துரும். வெளியில இலவசமாக் கிடைக்கற லைப்ரரில இருந்து எடுத்துக்குவோம். எங்க பெட்டில இருக்கறது ‘தாழ்க்கோல்’னு ஒரு லைப்ரரி. யாரோ நல்லா எழுதி வெச்சிருக்காங்க, ஊர் உலகமெல்லாம் எடுத்துப் போட்டுக்கறாங்க.”

“காசும் இல்லை, புக்கைத் திருப்பிக் குடுக்கவும் வேண்டாம். இப்படியொரு லைப்ரரி இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சே” என்றான் கிருபாசங்கர்.

“எங்க பெட்டில இருக்கறது ஆறு வருசத்துக்கு முந்தின பதிப்பு. புதுசை மாத்திரலாம்னு ரெண்டு தடவை கேட்டேன். நல்லா ஓடிக்கிட்டு இருக்கறதை எதுக்குத் தொடறேன்னு சார் திட்டினாரு. அதுக்கப்புறம் கேக்கலை.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “மூணாவது தடவை கேட்டிருக்கணும்.”

ரூத் கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

ஆனைமலையைத் தாண்டி, கார் ஓர் இட்டேரிக்குள் திரும்பியது. இரண்டு பக்கமும் வேலி, நடுவே ஒரு வண்டி போகும் அகலம், கடைசியில் தென்னந்தோப்பு. கிணற்றோரம் இருந்த மோட்டார் ரூமில் இரண்டு பெட்டிகள் தொங்கின.

“எது நம்ம பெட்டின்னு போன் போட்டுப் பார்த்துருவோம்” என்று கிருபாசங்கர் எண்ணை அமுக்கினான்.

“ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா?” என்றது போன்.

“இருக்கனுங்க” என்றான். இந்த முறை தெரிந்தே சொன்னான். பழகிவிட்டது.

“ஏனுங்க, ஆரைப் பாக்கோணுமுங்க?”

“உங்களைத்தானுங்க பாக்கோணும். கோயமுத்தூர்ல இருந்து வாரோம். ரெண்டு பெட்டி தொங்குதுங்களே, அதுல நீங்க எதுங்க?”

“நான் எதுக்குங்க பொட்டில தொங்கறேன்?”

கிருபாசங்கர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். அது எப்போதோ கட்டாகியிருந்தது. மெதுவாகத் திரும்பினான். கையில் மண்வெட்டியோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மாள் நின்றிருந்தார். வாய்க்காலிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், கால் முழுக்கச் சேறு.

“மேடம்!” என்று கத்தினான். “மோட்டார் வெளிய வந்துருச்சு!”

ரூத் கும்பிட்டார். “சுப்பாத்தாளுங்களா?”

“ஆமாங்க.”

“பெட்டில பேசறது நீங்கதானே?”

“நாந்தானுங்க. ஏனுங்க, நல்லாக் கேக்குதுங்களா?” என்றார் சுப்பாத்தாள். முகத்தில் ஒரு துளி பயமில்லை. வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “பூஜிதா! ஒரம்பரை வந்திருக்குது கண்ணு, மோர் கொண்டா.”

“நாங்க ஒரம்பரையா விருந்துக்கு வரலீங்க. துப்பறிய வந்திருக்கோம்.”

“அதுக்கு மோர் குடிக்கப்படாதுங்களா?”

ரூத் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார். சுப்பாத்தாள் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார்.

“முன்னால அதுல ஒரு பொண்ணு பேசுமுங்க. படிச்ச பொண்ணு. ஒரு எழுத்து வெளங்காது. மாசி மாசத்துல ஒருநாள் போன் போட்டா, ‘மும்முனை மின்சாரத்தில் ஒருமுனை இழப்பு ஏற்பட்டுள்ளது’ங்குது. எனக்குக் காதுல விழுந்தது இழப்பு மட்டுந்தானுங்க. நம்ம சாதி சனத்துல ஆரோ போயிட்டாங்க, சேதி சொல்றாங்கன்னு நெனச்சுப்போட்டேன். ஆரும்மா, ஆரும்மாங்கறேன், அது திரும்பத் திரும்ப இழப்புங்குது. குளிச்சுப்போட்டு, சேலை மாத்திக்கிட்டு, பஸ் ஏறி பொள்ளாச்சில எங்க நாத்தனா ஊட்டுக்குப் போனா, அவ வாசல்ல உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருக்கறா. செத்தது ஆருன்னு கேக்கறேன். அவ என்னையவே பாக்கறா. திரும்பி வந்து பாத்தா, செத்தது மோட்டாருங்க. காயில் கருகிப்போச்சு.”

கிருபாசங்கர் சிரிப்பை அடக்க முடியாமல் தென்னை மரத்தைச் சுற்றி ஒரு நடை போய் வந்தான்.

“அதனாலதான் அத்தையையே பேச வெச்சேனுங்க” என்று மோர்ச் சொம்போடு வந்தாள் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். சுப்பாத்தாளின் மருமகள் பூஜிதா. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். ஜெஃபினின் பையில் இருந்த ‘நீரோசை’ முத்திரையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“அப்பாடா! கடைசில ஆள் அனுப்பிட்டாங்களா? ரெண்டு மாசமாக் காத்துக்கிட்டு இருக்கனுங்க.”

ஓடுவாள், மறுப்பாள், அழுவாள் என்று ரூத் எதிர்பார்த்திருந்தார். வரவேற்பாள் என்று எதிர்பார்க்கவில்லை.

“கையெழுத்தைக் காட்டுங்க ஜெஃபின்” என்றார்.

ஜெஃபின் பெட்டியைத் திறந்து ஒரு கம்பியை மாட்டி மடிக்கணினியோடு இணைத்தான். திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. அவன் குனிந்து பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான்.

“சைபர்...” என்றான்.

“அப்பறம்?”

“சைபர் மேடம். அதுக்கப்புறமும் சைபர். கடைசி வரைக்கும் வெறும் சைபர்தான். ரெண்டு நம்பரும் பூஜ்யம். இது கையெழுத்தே இல்லை. கையெழுத்துப் போடற இடத்தைக் காலியா விட்ட மாதிரி.”

“ஆனா டிக் விழுந்திருக்குதே?”

ஜெஃபின் தலையைப் பிடித்துக்கொண்டான். பூஜிதா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பெட்டி போடற கணக்குல ரெண்டு பக்கமும் அந்த நம்பரால பெருக்கறாங்க. ரெண்டு பக்கத்தையும் பூஜ்யத்தால பெருக்குனா என்னங்க வரும்?”

“நான் கணக்குப் பாடத்துல வாங்கின மார்க் வருமுங்க” என்றான் கிருபாசங்கர்.

“அதேதானுங்க. இந்தப் பக்கம் பூஜ்யம், அந்தப் பக்கம் பூஜ்யம். ரெண்டும் ஒண்ணு. சரின்னு உள்ள விட்டுருது. கணக்கு ஆரம்பிக்கறதுக்கு முன்னால, நம்பர் பூஜ்யமான்னு பாத்து, பூஜ்யமா இருந்தா வெளிய தள்ளோணும். தாழ்க்கோல் எழுதினவங்க அந்த ஒரு வரியை விட்டுட்டாங்க. போன வருசம் ஆரோ கண்டுபுடிச்சுச் சொல்லி, உடனே சரியும் பண்ணிட்டாங்க. எங்க ஆபீஸ்ல அன்னிக்கே மாத்திட்டோம். அத்தையோட பெட்டில பழசு இருக்கறதைப் பாத்ததும் பூஜ்யத்தைப் போட்டுப் பாத்தேன். கதவு தெறந்துக்கிச்சு.”

ரூத் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். “கையெழுத்தே போடாத செக்கை நீட்டியிருக்காங்க. கவுண்ட்டர்ல இருக்கறவன் உத்துப் பார்த்துட்டு, ‘எந்தக் கையெழுத்தோடயும் முரண்படலை’ன்னு பணத்தைக் குடுத்திருக்கான்.”

“அப்ப சாவி...” என்றான் ஜெஃபின்.

“யாரும் தொடலை. பீரோவுலயே இருக்குது. சாவி எதுக்கு, கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லாதப்ப?”

ஜெஃபின் தண்ணீர்த் தொட்டியின் திண்டில் போய் உட்கார்ந்தான். இரண்டு வாரமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரு பெருமூச்சாக வெளியே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். சுப்பாத்தாள் ஒன்றும் கேட்காமல் அவன் டம்ளரில் மறுபடி மோர் ஊற்றினார்.

“உங்க பெட்டியை மாத்தினது உங்க இஷ்டம் அம்மணி” என்று ரூத் பூஜிதாவிடம் திரும்பினார். குரல் கடுமையாக இருந்தது. “மத்த நாப்பது?”

“மோட்டார் மெக்கானிக் அன்புமணிங்க. ரிப்பேருக்கு வந்தவர் அத்தை குரலைக் கேட்டாரு. ஊர்ல போய்ச் சொல்லிட்டாரு. எல்லாரும் கேக்கறாங்கன்னு பென்டிரைவ்ல வாங்கிட்டுப் போனாரு.”

“உங்க பென்டிரைவ்ல குரல் மட்டும் இருந்துச்சு. நாளைக்கு வேற ஒருத்தன் வேற எதையாவது ஏத்தினா? கிணத்துல தண்ணியே இல்லாம நாலாயிரம் மோட்டாரையும் ஓட விட்டா? இவங்களோடது ஒண்ணு கருகினதுக்கே பொள்ளாச்சி வரைக்கும் போய் வந்திருக்காங்க.”

பூஜிதா தலைகுனிந்தாள். “குடுத்தது தப்புத்தானுங்க. ஆனா நீங்க சொன்னதைத்தான் நான் கம்பெனிக்கு மூணு தடவை மெயில் போட்டேன். மூணுக்கும் பதில் வந்துச்சு.”

அவள் கைப்பேசியை நீட்டினாள். ரூத் படித்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது. கிருபாசங்கர் எட்டிப் பார்க்க முயன்றபோது, இட்டேரியில் ஒரு கார் வந்து நின்றது.

திருமூர்த்தி இறங்கினார். நெற்றி நிறையக் குங்குமம், வலது கைவிரல்களில் மிளகாய்ச் சிவப்பு.

“நல்லா அரைச்சுப் பூசிப்போட்டு வந்துட்டேனுங்க. பேர் தெரியாதே, அதனால இந்தக் கையெழுத்துக் கூத்துக்குக் காரணமானவன் எவனோ அவனைக் கேளு தாயேன்னு சொல்லிட்டேன். ஆளு கெடைச்சானுங்களா?”

“கிடைச்சாச்சுங்க. முதல்ல இதைப் படிங்க” என்று கைப்பேசியைக் கொடுத்தார் ரூத்.

திருமூர்த்தி உரக்கப் படித்தார். “‘உங்கள் பெட்டியில் டிஜிட்டல் சிக்னேச்சர் சரிபார்ப்பதில் பெரிய ஓட்டை உள்ளது. உடனே கவனிக்கவும்.’ அதுக்குப் பதில்... ‘அன்புடையீர், எங்களிடம் டிஜிட்டல் சிக்னேச்சர் ஏற்கெனவே உள்ளது. தற்சமயம் தேவையில்லை. நன்றி.’ ரெண்டாவதுக்கும் அதே. மூணாவதுக்கு... ‘மறுபடியும் விளம்பரம் அனுப்ப வேண்டாம். இப்படிக்கு, திருமூர்...’”

நிறுத்திவிட்டார்.

“ஜிஎஸ்டி கட்டறதுக்கு ஒண்ணு வெச்சிருக்கனுங்களே” என்றார் மெல்லிய குரலில். “அதை விக்க வாறாங்கன்னு நெனச்சுப்போட்டேன்.” வியர்த்த முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கை கண்ணுக்குப் போனது.

“ஐயோ!”

“அம்மன் உடனே விசாரிச்சிருச்சுங்க மேடம்” என்றான் கிருபாசங்கர்.

சுப்பாத்தாள் அவரைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய் முகத்தில் தண்ணீர் அடித்தார். ஜெஃபின் துண்டைக் கொடுத்தான். ஒரு கண் சிவந்து, ஒரு கண் மூடி, திருமூர்த்தி நடந்ததையெல்லாம் கேட்டு முடித்தார். கேட்டு முடித்ததும் முதலாளி மறுபடி விழித்துக்கொண்டார்.

“பையன் மேல தப்பில்லை, ஒத்துக்கறேன். ஆனா என்ற பொட்டி மேல கை வெச்சது வெச்சதுதானுங்களே? சீல் ஒட்டி, ‘திறக்கக் கூடாது’ன்னு எழுதி வெச்சிருக்குது. புகார்ல பேரை மட்டும் மாத்திப்போடறேன். இந்த அம்மணி பேரும் அந்த மெக்கானிக் பேரும்.”

பூஜிதா மாமியாரின் பக்கம் நகர்ந்தாள். சுப்பாத்தாள் சுவரில் சாய்ந்திருந்த மண்வெட்டியை ஒரு தடவை பார்த்தார்.

“மாத்துங்க. ஆனா முழுசா எழுதணுமே” என்றார் ரூத் நிதானமாக. “பூஜிதா, அன்புமணிகிட்ட யார் யார் மாத்தச் சொன்னாங்கன்னு கேளுங்க. எழுதி வெச்சிருப்பாருல்ல?”

ஐந்து நிமிடத்தில் அன்புமணியின் நோட்டுப் பக்கம் படமாக வந்து சேர்ந்தது. பூஜிதா மாற்றிய முதல் பெட்டியையும் அவர் அதில் எழுதி வைத்திருந்தார். நாற்பத்தொரு வரிகள். ரூத் அதையும் பேர் வரிசையில் இருந்த கம்பெனி லிஸ்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். கடைசி வரியில் பென்சில் நின்றது.

“நாப்பது பேரும் அவங்கவங்க சொந்தப் பெட்டியை அவங்களே மாத்தச் சொல்லியிருக்காங்க. நாப்பத்தொண்ணுதான் இடிக்குது. உங்க லிஸ்ட்ல இதுக்குப் பேரே இல்லை. ‘சோ.பெ. 1’னு இருக்குது.”

“சோதனைப் பெட்டிங்க. மொதமொதல்ல செஞ்சது. ஆபீஸ்ல எங்கியாச்சும் கெடக்கும்.”

“உங்க லிஸ்ட்டை நீங்க முழுசாப் படிச்சீங்களா?”

“அடில நாப்பத்தொண்ணுன்னு போட்டிருந்துது. அதைப் பாத்தனுங்க.”

“அன்புமணி நோட்டுல அந்தப் பெட்டி ஒடையகுளத்துல ஒரு தோட்டத்துல தொங்குது. மாத்தச் சொன்னவங்க பேருக்கு ‘ஓனரம்மா’ன்னு எழுதியிருக்காரு.”

திருமூர்த்தியின் திறந்திருந்த கண் மெல்ல அகலமானது.

“ஒடையகுளத்துல உங்களுக்குத் தோட்டம் இருக்குதுங்களா?” என்று கேட்டார் ரூத்.

திருமூர்த்தி கைப்பேசியை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். ஒரு கண்ணால் பார்த்து அமுக்கியதில் ஸ்பீக்கரும் சேர்ந்து அமுங்கிவிட்டது.

“சண்முகப்பிரியா, நம்ம தோட்டத்துப் பொட்டில...”

“நாந்தான் மாத்தச் சொன்னேன்” என்றது மறுமுனை, கேள்வி முடியும் முன்பே. “ஏனுங்க, இப்ப அதுக்கென்ன? உங்க பொட்டி பேசறது எனக்கு ஒண்ணுமே வெளங்கறதில்லை. ஆறு வருசமாச் சொல்றேன், காதுலயே வாங்கறதில்லை. நீங்க ஊட்டுல பேசறதைவிட அந்தம்மா பொட்டில அழகாப் பேசறாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரங்ககிட்டயும் நாந்தான் சொன்னேன், மாத்திக்குங்கன்னு.”

“எத்தனை பேர்கிட்டச் சொன்னே?”

“ஒரு பதினஞ்சு பேர் இருக்குமுங்க.”

போன் கட்டானது. தோப்பில் ஒரு மட்டை விழும் சத்தம் கேட்டது.

“புகார்ல மொத பேரா யாரைப் போடலாமுங்க?” என்று பணிவாகக் கேட்டான் கிருபாசங்கர். “ஓனரம்மாவைப் போட்டா, மத்தியானச் சோத்துக்கு நீங்க எங்க கூடத்தான் வரோணும்.”

திருமூர்த்தி சட்டைப் பையிலிருந்து புகாரை எடுத்தார். நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், இன்னும் மடிக்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஜெஃபின் முன்னால் போய் நின்றார்.

“கண்ணு, ரெண்டு தடவை கேட்டே. நான் காதுல வாங்கலை. அப்பறம் உன்னையவே...” அதற்கு மேல் ஓடவில்லை. “நான் என்ன செய்யோணும், சொல்லு.”

ஜெஃபின் எழுந்து நின்றான். “நாளைக்குப் பூசைக்கு வாங்க சார். ஓலை வாசிக்கறப்ப பேசாம உக்காந்திருந்தீங்கன்னாப் போதும்.”

திருமூர்த்தி அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை கண்ணில் நீர் வந்தது மிளகாயாலா என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று மத்தியானம் முழுக்க ஜெஃபினும் பூஜிதாவும் மோட்டார் ரூமிலேயே உட்கார்ந்திருந்தார்கள். புதிய தாழ்க்கோலைப் பெட்டியில் ஏற்றினார்கள். திங்கள்கிழமை கம்பெனிச் சாவியால் முறையாகக் கையெழுத்திட்டு நாலாயிரம் பெட்டிக்கும் அனுப்புவதாக முடிவானது. நாலரை மணிக்கு ஜெஃபின் பழைய பூஜ்யங்களை மறுபடி அனுப்பிப் பார்த்தான்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே விடவில்லை. ஆனால் ஒரு சத்தமும் இல்லை.

“ஏன் பேச மாட்டேங்குது?” என்றார் திருமூர்த்தி.

“முடியாதுன்னு சொல்றதுக்குக் குரலே பதிவு பண்ணலை சார். ஆறு வருசத்துல அது யாரையும் வேண்டாம்னு சொன்னதே இல்லை.”

எல்லோரும் சுப்பாத்தாளைப் பார்த்தார்கள். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போன் முன்னால் உட்கார்ந்தார். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, வாசலில் நிற்கும் யாரோ ஒருவரைப் பார்த்துப் பேசுவது போலப் பேசினார்.

கம்பெனிக்காரர்களிடம் மட்டும் இருக்கும் அந்தக் கம்பி வழியாக பூஜிதா அதைப் பெட்டியில் ஏற்றினாள். ஜெஃபின் மடிக்கணினியைத் திருமூர்த்தி பக்கம் நகர்த்தினான். “நீங்களே அனுப்புங்க சார்.”

திருமூர்த்தி ஒற்றை விரலால் தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஏனுங்க, நீங்க ஆருன்னே தெரியலீங்களே. தப்பா நெனச்சுக்காதீங்க, உள்ள விட முடியாதுங்க.”

திருமூர்த்தி மறுபடி தட்டினார். பெட்டி மறுபடி மறுத்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. ஆறாவது தடவையும் அதே மரியாதையோடு அது அவரை வாசலோடு திருப்பி அனுப்பியபோது, முதலாளி கைதட்டினார்.